அண்ணன் வீட்டு மக்காச்சோளம்

தை 11

இந்த டைரியை ஒரு மருந்துக் கம்பெனிக்காரர் கொடுத்துவிட்டுப் போனார். அட்டையில் பெரிய சேவல் படம். எங்களுடையது முட்டைக்கோழிப் பண்ணை. இங்கே சேவலுக்கு ஒரு வேலையும் கிடையாது என்பது அந்தக் கம்பெனியில் யாருக்கும் தெரியவில்லை போலிருக்கிறது. கோழி டாக்டர் ஜெசிந்தா, "தீவனம் எப்படி திங்குது, முட்டை எப்படி இருக்கு, எதாவது செத்துச்சா, தினம் ஒரு வரி எழுதி வைங்கம்மா" என்று சொல்லியிருந்தார். எழுதுகிறேன். எனக்குச் சோம்பல் கிடையாது. இந்த வீட்டில் சோம்பல் யாருக்கு என்பது நாமக்கல் வரைக்கும் தெரியும். அவர் இப்போது வாசலில் பேப்பர் படித்துக்கொண்டிருக்கிறார்.

இன்று அண்ணன் அனுப்பிய மக்காச்சோளம் லாரியில் வந்து இறங்கியது. துறையூர்ப் பக்கம் பொங்கலுக்கு நல்ல மழையாம். அந்த மழையிலும் அறுத்து, அடித்து, மூட்டை கட்டி அனுப்பியிருக்கிறார். "வெளிய யாருக்கும் குடுக்கலை சம்பூ, உனக்குத்தான் மொதல்ல" என்று போனில் சொன்னபோது எனக்குக் கண் கலங்கிவிட்டது. மூட்டைக்குள் கையை விட்டுப் பார்த்தேன். கதகதப்பாக இருந்தது. பிறந்த வீட்டுச் சாமான் என்றால் ஒரு சூடு இருக்கத்தானே செய்யும்.

இவரும் ஒரு மூட்டைக்குள் கையை விட்டார். ஒரு பிடி எடுத்து முகர்ந்தார். வாயைத் திறந்தார். என்னைப் பார்த்தார். வாயை மூடிக்கொண்டார்.

"என்னங்க?"

"ஒண்ணுமில்ல. செரி."

கல்யாணமான புதிதில், அண்ணன் அனுப்பிய புளியைப் பார்த்து, "கொட்டை எச்சா இருக்குதே" என்று ஒரு வார்த்தை சொன்னார். ஆடி மாதம் வரைக்கும் நான் அவரோடு பேசவில்லை. அதிலிருந்து என் பிறந்த வீட்டைப் பற்றி அவர் வாயில் ஒரு குறை வந்தது கிடையாது. நல்ல பழக்கம். மற்ற வீட்டு ஆண்களுக்கும் இருந்தால் தேவலை.

அண்ணனுக்குப் போன் போட்டு, "தங்கமா இருக்குதுங்கண்ணா" என்றேன். அடுத்த மாதம் இருபத்திரண்டாம் தேதி எங்கள் மகள் கோகிலாவுக்குக் கல்யாணம். தாய்மாமன் வந்து நெற்றியில் பட்டம் கட்டினால்தான் பெண்ணை மணவறைக்குக் கூட்டிப்போக முடியும். அண்ணன் கோபக்காரர். ஒரு சொல் பொறுக்க மாட்டார். அவர் மனசு கோணாமல் இந்த ஒரு மாதத்தை ஓட்டிவிட வேண்டும்.

தை 14

புது மக்காச்சோளம் அரைத்து, சோயாவும் தவிடும் கருவாட்டுத் தூளும் கலந்து இரண்டு ஷெட்டுக்கும் போட ஆரம்பித்தாயிற்று. அரைக்கும்போது ஒரு வாசம் வந்தது. மழை பெய்து ஓய்ந்த பிறகு வருகிற மண் வாசம் மாதிரி. அண்ணன் காட்டு மண் கரிசல் கலந்தது, வாசமாகத்தான் இருக்கும்.

அண்ணனுக்குப் போன். தங்கம் என்று சொன்னேன்.

தை 18

கோழிகள் தீவனத்தை மிச்சம் வைக்கின்றன. அலகால் கிளறிப் பார்த்துவிட்டுத் தலையைத் திருப்பிக்கொள்கின்றன. மாரியம்மன் கோயிலில் காலை ஐந்து மணிக்கே ஸ்பீக்கர் போடுகிறார்கள். அந்தச் சத்தத்தில் யாருக்குத்தான் சாப்பிடப் பிடிக்கும்? கோயில் தலைவரிடம் போய்ச் சத்தம் போட்டுவிட்டு வந்தேன்.

தை 19

ஸ்பீக்கரைக் குறைத்துவிட்டார்கள். கோழிகள் இன்றும் தின்னவில்லை. இவர் நேற்று ஒரு ஆரஞ்சு நிறச் சட்டை போட்டுக்கொண்டு ஷெட்டுக்குள் போனார். கோழிகள் மிரண்டிருக்கும். சட்டையைக் கழற்றி ஊற வைத்துவிட்டேன்.

தை 21

முட்டை குறைந்துவிட்டது. கொண்டைகள் வெளுத்திருக்கின்றன. முதல் ஷெட்டில் சில கோழிகள் செத்துக் கிடந்தன. டாக்டரம்மாவைக் கூப்பிட்டேன்.

டாக்டர் ஜெசிந்தா எங்கள் கோகிலாவைவிட இரண்டு வயதுதான் மூத்தவராக இருப்பார். கையுறை மாட்டிக்கொண்டு ஒரு கோழியை வேப்பமரத்தடியில் வைத்து அறுத்துத் திறந்தார். ஈரலை வெளியே எடுத்து உள்ளங்கையில் வைத்துக் காட்டினார். சிவப்பாகக் கெட்டியாக இருக்க வேண்டியது. மஞ்சளாக, ஊதி, தொட்டால் பிய்கிற மாதிரி இருந்தது.

ஈரல் என்றால் எனக்கு அண்ணன் ஞாபகம்தான். சின்ன வயதில் எங்கள் வீட்டில் கோழி அடிப்பதே வருசத்துக்கு இரண்டு தடவை. ஒரு கோழிக்கு ஒரு ஈரல். அது மூத்த பையனுக்கு என்று அம்மா அண்ணன் தட்டில் போடுவாள். அம்மா அந்தப் பக்கம் திரும்பியதும் அண்ணன் அதை என் சோற்றுக்குள் வைத்து மூடிவிடுவார். இன்றைக்கும் எங்கள் வீட்டுக்கு வந்தால் நான் ஈரலை அவருக்குத்தான் எடுத்து வைப்பேன்.

"பூஞ்சை நச்சும்மா. தீவனத்துல எங்கயோ பூசணம் இருக்கு. அது கக்குற விஷம் நேரா ஈரலைத்தான் அடிக்கும்" என்றார் டாக்டரம்மா. "பைண்டர்னு ஒரு பவுடர் இருக்கு. தீவனத்துல கலந்தா குடலுக்குள்ளயே விஷத்தைப் புடிச்சு எச்சத்தோட வெளிய தள்ளிடும். ஈஸ்ட் போடலாம். தண்ணியில லிவர் டானிக், வைட்டமின் குடுக்கலாம். ஆனா அதெல்லாம் கை கொடுக்கத்தான். கெட்ட சரக்கு எதுன்னு கண்டுபிடிச்சு நிறுத்தாம எதைக் கொடுத்தும் பிரயோஜனம் இல்ல. ஒவ்வொரு சாமான்லயும் ஒரு பை எடுத்து லேபுக்கு அனுப்புங்க."

இவர் மக்காச்சோள குடோன் பக்கம் பார்த்தார். நான் இவரைப் பார்த்தேன். இவர் வேப்பமரத்தைப் பார்த்தார்.

தை 22

லேபுக்கு அனுப்பினேன். சோயா ஒரு பை, தவிடு ஒரு பை, கருவாட்டுத் தூள் ஒரு பை. முட்டை ஓட்டுக்காகப் போடுகிற கிளிஞ்சல் தூளும் ஒரு பை போட்டேன், எதற்கும் இருக்கட்டும் என்று. மக்காச்சோளம் அனுப்பவில்லை. அண்ணன் வீட்டுச் சாமானை ஆய்வுக்கு அனுப்புவதும் அண்ணனையே பிடித்து ரத்தப் பரிசோதனைக்கு அனுப்புவதும் ஒன்றுதான். அதுவும் கல்யாணத்துக்கு முன்னால்.

தை 23

டவுனுக்குப் போய் மருந்துக்கடையில் எல்லாம் வாங்கிவந்தேன். பைண்டர் பவுடர் பார்த்தால் வீட்டுக்கு அடிக்கிற வெள்ளைச் சுண்ணாம்பு மாதிரி இருக்கிறது. ஒரு வகைக் களிமண்ணாம். ஈஸ்ட் பவுடர் புளித்த தோசைமாவு வாசம். லிவர் டானிக் கேனில் வருகிறது. கரும்புச்சாறு நிறம். கோலின், செலினியம், வைட்டமின் ஈ என்று கடைக்காரர் எடுத்து அடுக்கிக்கொண்டே போனார். கோகிலா வயிற்றில் இருந்தபோது நான்கூட இவ்வளவு சத்து மருந்து சாப்பிட்டதில்லை.

டாக்டரம்மா சொன்ன அளவில் பைண்டர் கலந்தேன். பிறகு அண்ணன் முகம் ஞாபகம் வந்தது. இன்னும் இரண்டு பங்கு சேர்த்தேன்.

தை 26

லேப் முடிவு வந்துவிட்டது. சோயா நல்லது. தவிடு நல்லது. கருவாடு நல்லது. கிளிஞ்சலை எதற்கு அனுப்பினீர்கள் என்று கேட்டிருக்கிறார்கள்.

டாக்டரம்மா போன் செய்தார். "எல்லாம் சரி, மக்காச்சோளம் எங்கம்மா? அதுதானே தீவனத்துல பாதி?"

"ஹலோ, ஹலோ" என்றேன். சிக்னல் போய்விட்டது. நான் நின்ற இடம் வீட்டிலேயே சிக்னல் நன்றாகக் கிடைக்கிற இடம். என்ன செய்வது, போய்விட்டது.

தை 27

டாக்டரம்மா மூன்று தடவை கூப்பிட்டார். மூன்று தடவையும் குளித்துக்கொண்டிருந்தேன்.

தை 29

கோழி சாவது நின்றிருக்கிறது. பைண்டர் வேலை செய்கிறது என்று தைரியம் வந்தது. கோகிலாவின் மாமியார் வீட்டுக்கு ஒரு கூடை முட்டை கொடுத்தனுப்பினேன். பண்ணைக்காரர் வீட்டுப் பெண் எடுக்கிறார்கள், ராசிபுரத்தில் முட்டை கடையில் வாங்குவதா?

மாசி 1

சம்பந்தியம்மா போன். ரொம்ப நல்ல மாதிரி. "ஏனுங்க, முட்டை வந்துச்சுங்க. ஆனா கையில எடுத்தாலே நொறுங்குதுங்க. உங்க பண்ணையில ஓடு இல்லாத முட்டை புதுசா எதாச்சும் வளக்கறீங்களா?" என்று கேட்டார். கேலி செய்யவில்லை, நிஜமாகவே கேட்டார். அதுதான் தாங்க முடியவில்லை.

கோகிலா பக்கத்திலிருந்து கேட்டுவிட்டாள். "அம்மா, மாமா அனுப்புன சோளம்தான்..." என்று ஆரம்பித்தாள். "கல்யாணப் பொண்ணு, இப்படி வெயில்ல நின்னா கறுத்துப்போயிடுவே" என்று உள்ளே அனுப்பினேன். அவள் சமையலறைக்குள்தான் நின்றுகொண்டிருந்தாள்.

சாயங்காலம் டாக்டரம்மா நேரிலேயே வந்துவிட்டார். குளிக்கிறேன் என்று சொல்ல முடியவில்லை. பைண்டர் எவ்வளவு போடுகிறீர்கள் என்று கேட்டார். சொன்னேன். தலையில் கை வைத்துக்கொண்டார். "பைண்டருக்கு விஷம், வைட்டமின்னு வித்தியாசம் தெரியாதும்மா. அளவுக்கு மேல போட்டா நீங்க ஊத்துற சத்து மருந்தையும் சேத்துப் புடிச்சு வெளிய கொண்டுபோயிடும். அப்புறம் ஓடு எப்படிக் கெட்டியாகும்?"

ஆக, ஒரு கையால் வைட்டமின் ஊட்டி, இன்னொரு கையால் பிடுங்கிக்கொண்டிருக்கிறேன். கடைக்காரர் இதைச் சொல்லவே இல்லை.

மாசி 3

பைண்டரைக் குறைத்தாயிற்று. இனி நம் வைத்தியம். மஞ்சள் காமாலைக்குக் கீழாநெல்லிதானே கொடுப்போம்? மனுச ஈரலுக்கு ஆவது கோழி ஈரலுக்கு ஆகாதா? வாய்க்கால் ஓரம் பறித்து அரைத்துத் தண்ணீரில் கலந்தேன். முதலில் இரண்டாவது ஷெட்டுக்கு மட்டும்.

அதிசயம் ஒன்று நடந்தது. இவராகவே வந்து, "ரெண்டாவது ஷெட்டு தீவனத்தை இனி நான் பாத்துக்கறேன். உனக்குக் கல்யாண வேலை தலைக்கு மேல கெடக்குது" என்றார். இத்தனை வருசத்தில் இவர் ஒரு வேலையைக் கேட்டு வாங்கியது இதுதான் முதல் தடவை. மகள் போகப்போகிறாள் என்றதும் மனுசனுக்குப் பொறுப்பு வருகிறது.

மாசி 9

கீழாநெல்லி! கீழாநெல்லி!

இரண்டாவது ஷெட் கோழிகள் தொட்டியைக் காலி செய்கின்றன. கொண்டை சிவக்கிறது. முட்டையைத் தட்டினால் டொக்கென்று சத்தம் வருகிறது. முதல் ஷெட் அப்படியே சோர்ந்து கிடக்கிறது. இதைவிட என்ன ஆதாரம் வேண்டும்? பக்கத்துப் பண்ணை ருக்குமணி, எதிர்க்காட்டு லோகாம்பாள், எல்லோருக்கும் சொன்னேன். மதியத்துக்குள் வாய்க்கால் ஓரத்தில் ஒரு கீழாநெல்லிச் செடி மிச்சமில்லை. லோகாம்பாள் அவசரத்தில் தொட்டாற்சிணுங்கியையும் சேர்த்துப் பறித்துக்கொண்டு போய்விட்டாள்.

டாக்டரம்மாவுக்குப் போன் செய்து நானே சொன்னேன். "ரெண்டாவது ஷெட்டுக்குத் தீவனம் யார் போடறாங்கம்மா?" என்று கேட்டார். சம்பந்தமில்லாத கேள்வி. படித்தவர்களுக்கு நம் மூலிகை என்றாலே இளக்காரம்.

மாசி 11

கல்யாணத்துக்கு ஜவுளி எடுக்க ஈரோடு போனோம், நானும் கோகிலாவும். சாயங்காலம் ஆகும் என்று சொல்லிவிட்டுப் போனோம். அவளுக்கு இரண்டாவது கடையிலேயே புடவை பிடித்துவிட்டது. மதியச் சாப்பாட்டுக்கே திரும்பிவிட்டோம்.

இரண்டாவது ஷெட் வாசலில் ஒரு டெம்போ நின்றது. இவர் தோளில் ஒரு மூட்டை. வியர்த்துக் கொட்டுகிறது. பேப்பரைத் தவிர வேறு எதையும் தூக்கி நான் பார்க்காத மனுசன்.

"என்னங்க இது?"

"மக்காச்சோளம்."

"நம்ம குடோன்ல இருக்கறப்ப இது எதுக்கு?"

மூட்டையை இறக்கி வைத்தார். முகத்தைத் துண்டால் துடைத்தார். ரொம்ப நேரம் துடைத்தார்.

"நான் ஒண்ணும் சொல்லலியே" என்றார்.

"சொல்லாம செய்யறதுதான் சொல்றது!"

"சொன்னா ஆடி வரைக்கும் பேச மாட்டே. கல்யாணத்துல பொண்ணு வீட்டுக்காரங்க ரெண்டு பேரும் பேசாம நின்னா நல்லாருக்காது. கோழியும் சாகக் கூடாது. அதான், ஒரு ஷெட்டையாச்சும் காப்பாத்தலாம்னு..." என்று இழுத்தார். பிறகு, "கீழாநெல்லியும் நல்லதுதான்" என்று சேர்த்துக்கொண்டார்.

பிளவுஸ் துணிப் பையை அங்கேயே போட்டுவிட்டு வந்து படுத்துவிட்டேன். ருக்குமணியும் லோகாம்பாளும் இன்னும் கீழாநெல்லி தேடிக்கொண்டு ஊர் ஊராக அலைகிறார்கள். அவர்களிடம் நான் என்ன சொல்வேன்?

மாசி 12

யாரும் இல்லாத நேரம் பார்த்து அண்ணன் மூட்டைகளைப் பிரித்தேன். அடியில் இருந்தவை கட்டி தட்டியிருந்தன. உடைத்தால் உள்ளே பச்சையும் கறுப்புமாகப் பூசணம், தூள் பறந்தது. மண் வாசம் இல்லை. ஊசிப்போன வாசம். ஒரு பை எடுத்து லேபுக்கு அனுப்பினேன். பையின் மேல் என் பெயரை எழுதக் கை வரவில்லை. குழந்தைவேல் என்று இவர் பெயரை எழுதினேன்.

மாசி 14

முடிவு வந்துவிட்டது. சொல்ல வேண்டியதில்லை. முதல் ஷெட்டுக்கும் இவர் வாங்கிய மக்காச்சோளத்தைப் போடச் சொன்னேன். "செரி" என்றார். மனுசன் ஒரு வார்த்தை குத்திக்காட்டியிருந்தால்கூட சண்டை போட்டு ஆறுதல் அடைந்திருப்பேன்.

ராத்திரி அண்ணனே போன் செய்தார். "சம்பூ, நீ நாலு நாளைக்கு ஒருக்கா தங்கம் தங்கம்னு சொன்னியா, எனக்கு மனசு குளுந்துபோச்சு. புடவை, தட்டு எல்லாரும்தான் வெக்கறாங்க. நான் நம்ம கோகிலாவுக்கு மாமன் சீரா இன்னொரு லோடு அனுப்பறேன். ஊரே பாக்கட்டும்."

சொல்லிவிட வேண்டும் என்று வாயைத் திறந்தேன். "சந்தோசமுங்கண்ணா" என்று வந்தது.

மாசி 16

அண்ணன் வந்தார். போனார்.

எப்படி எழுதுவது என்று தெரியவில்லை. லாரி முன்னால் மாலை போட்டு, மூட்டைக்கெல்லாம் மஞ்சள் குங்குமம் வைத்து, டிரைவர் பக்கத்தில் வெள்ளைச் சட்டையோடு உட்கார்ந்து வந்தார். ஹாரன் சத்தத்தில் தெருவே கூடிவிட்டது. இறங்கியதும் கோகிலா தலையில் கை வைத்து, "மாமன் சீரு வந்தாச்சு கண்ணு" என்றார். முகம் அப்படிப் பிரகாசமாக இருந்தது. நான் மோர் கொண்டுவந்து கொடுத்தேன்.

"குடிச்சுட்டு ஒரு பேச்சுக் கேளுங்கண்ணா."

"கேட்டுட்டே குடிக்கறேன். சொல்லு."

மூட்டைகளைப் பார்த்தேன். அதற்குப் பின்னால் ஷெட்டில் இருந்த கோழிகளைப் பார்த்தேன். நல்லது கெட்டது தெரியாமல் நாம் போடுவதைத் தின்கிற ஜீவன்கள். "மொத லோடு பூசணமுங்கண்ணா. கோழி செத்துப்போச்சு. இதையும் எறக்க முடியாதுங்க" என்றேன்.

அண்ணன் டம்ளரை வாய்க்குக் கொண்டுபோகவில்லை. "நீதானே தங்கம்னு சொன்னே?"

"சொன்னனுங்க."

"மழையில நனஞ்ச சரக்கு, என்னாகுமோ ஏதாகுமோன்னு வெசனத்துல இருந்தேன். நீ தங்கம்னதும்தான் மிச்சத்தையும் மூட்டை கட்டுனேன்."

"நனஞ்சுதுன்னு ஒரு வார்த்தை சொன்னீங்களா?"

"தொட்டா சூடா இருந்திருக்குமே! சூடா இருந்தா ஈரம்னு கோழிப்பண்ணைக்காரி உனக்குத் தெரியாதா?"

நானும் விடவில்லை. "பொறந்த வீட்டுச் சாமானைச் சந்தேகப்படச் சொல்றீங்களா?"

"இப்ப மட்டும் என்ன பண்றே?" என்றார். "அப்ப என் சீரு வேண்டாம்."

"சீரு வேணுங்கண்ணா. சோளந்தான் வேண்டாம்."

"எனக்கு ரெண்டும் ஒண்ணுதான்."

மோரை அப்படியே சுவர் மேல் வைத்தார். லாரி திரும்பியது. இவர் வேட்டியைத் தூக்கிக்கொண்டு, "மச்சான், ஒரு வாய் மோராச்சும்..." என்று பின்னாலேயே ஓடினார். மெயின் ரோடு வரை ஓடினாராம். தெருவில் எல்லோரும் பார்த்துக்கொண்டிருந்தார்கள். என் வாசலில் என் அண்ணன் ஒரு வாய் மோர் குடிக்காமல் போனார்.

மாசி 18

குழி தோண்டி, பழைய மூட்டைகளைக் கொட்டி, சுண்ணாம்பு போட்டு மூடினோம். மாட்டுக்குப் போடலாமா என்று லோகாம்பாள் கேட்டாள். பாலில் விஷம் இறங்கும் என்று டாக்டரம்மா சொல்லியிருக்கிறார். ஒரு கை அள்ளக்கூட விடவில்லை. மண் தள்ளும்போது அழுகை வந்தது. பூசணம் பறந்து கண்ணில் பட்டுவிட்டது என்று சொன்னேன். இவர் தன் துண்டைக் கொடுத்தார்.

மாசி 19

அண்ணன் போனை எடுக்கவில்லை.

மாசி 20

எடுக்கவில்லை. அண்ணியும் எடுக்கவில்லை. மாமன் வராவிட்டால் பங்காளி வகையில் யாராவது பட்டம் கட்டலாம் என்று ஒரு பெரியவர் யோசனை சொன்னார். அவருக்குக் காப்பி கொடுக்கவில்லை.

முதல் ஷெட் கோழிகள் இன்று தொட்டியைக் காலி செய்தன. சந்தோசப்படுகிற அளவுக்கு எனக்கு மனசு இல்லை.

மாசி 23

நேற்று எழுத நேரமில்லை. கல்யாணம் முடிந்தது.

கோகிலாவுக்கு அலங்காரம் முடித்து உட்கார வைத்திருந்தோம். நெற்றி மட்டும் வெறுமையாக இருந்தது. ஐயர் இரண்டு தடவை எட்டிப் பார்த்தார். சம்பந்தியம்மா ஒன்றும் கேட்கவில்லை; கேட்காமலே எல்லாம் கேட்ட மாதிரி இருந்தது. "மாமா வருவாரும்மா" என்றாள் கோகிலா. எனக்கு ஆறுதல் சொல்கிற வயதாகிவிட்டது அவளுக்கு. நான் மண்டப வாசலிலேயே நின்றேன். வருகிறவர்களுக்குச் சந்தனம் கொடுக்கிறேன் என்று பெயர்.

அப்போது மேளச் சத்தம் கேட்டது. எங்கள் மேளம் உள்ளே இருந்தது. இது தெருக்கோடியிலிருந்து வந்தது. அண்ணன்! பின்னால் அண்ணி, தட்டுத் தட்டாக வரிசை. புடவை, பழம், தேங்காய், வெல்லம். கடைசியில் இரண்டு பேர் சுமந்து வந்த பெரிய தாம்பாளத்தில் ஒரு மூட்டை. சந்தனம் தடவி, குங்குமம் வைத்து, ரோஜா மாலை போட்டிருந்தது. மறுபடியும் மக்காச்சோளமா? கிட்டே வந்ததும் படித்தேன். பைண்டர் பவுடர்.

அண்ணன் என் முன்னால் வந்து நின்றார். கண்ணைப் பார்க்கவில்லை. "அன்னிக்கு வந்த கோவத்துல வீட்டுக் கோழி ஒண்ணை அடிக்கச் சொன்னேன். அதுவும் அந்தச் சோளத்தைத்தானே திங்குது. உன் அண்ணி ஈரலைக் கொண்டாந்து காட்டுனா. மஞ்சளா... வெண்ணெ மாதிரி." மூட்டை மேலிருந்த மாலையைச் சரிசெய்தார். "மொத மொதல்ல உன் நெனப்புத்தான் வந்துச்சு. இதையா உன் சோத்துல வெச்சேன்னு ஆகிப்போச்சு. சாப்பாடே எறங்கலை சம்பூ. மிச்சத்தையும் குழியில போட்டுட்டேன். வெறுங்கையோட வரக் கூடாதுன்னு மருந்துக்கடையில கேட்டேன். பூசணத்துக்கு இதுதான் மருந்துன்னாங்க."

மண்டப வாசல், பட்டுப்புடவை, வீடியோக்காரர் எதையும் பார்க்காமல் அழுதேன். அண்ணனும் அழுதார். வீடியோக்காரர் மூட்டையையும் சேர்த்து எடுத்துக்கொண்டார். நான் உள்ளே ஓடிப்போய் ஒரு டம்ளர் மோர் கொண்டுவந்தேன். முதலில் அதைக் குடிக்க வைத்தேன். பிறகுதான் பட்டம்.

"இது என்ன வகைச் சீருங்க?" என்று மூட்டையைக் காட்டிக் கேட்டார் சம்பந்தியம்மா.

"ஈரலுக்குங்க" என்றேன். "எங்க பக்கம் வழக்கம்."

மாசி 25

கோகிலா போய்விட்டாள். வீடு வெறிச்சென்று கிடக்கிறது. கோழிகள் நன்றாகத் தின்கின்றன. ஓடு கெட்டியாகிவிட்டது, ராசிபுரத்துக்கு மறுபடியும் ஒரு கூடை அனுப்பினேன்.

அண்ணன் கொடுத்த மூட்டையை இவர் குடோனில் வைத்துப் பிரித்தார். கையை விட்டு ஒரு பிடி எடுத்தார். மூட்டையைத் திருப்பி அடியில் எதையோ படித்தார். வாயைத் திறந்தார். என்னைப் பார்த்தார். மூடப் போனார்.

"சொல்லுங்க" என்றேன்.

கொஞ்சம் யோசித்தார். "தேதி போன வருசமே முடிஞ்சுபோச்சு" என்றார்.

எனக்குச் சுருக்கென்று கோபம் வந்தது. சாயங்காலம் வரைக்கும் நான் அவரோடு பேசவில்லை.

விளக்கு வைத்த பிறகு காப்பி கொண்டுபோய்க் கொடுத்தேன். டவுனில் புது மூட்டை வாங்கிவரச் சொன்னேன். அண்ணன் மூட்டையைக் குங்குமத்தோடு அப்படியே சாமி அறைக்குப் பக்கத்தில் வைத்திருக்கிறேன். பிறகு அண்ணனுக்குப் போன் போட்டேன். எப்படி இருக்குது மருந்து என்று கேட்டார்.

"தேதி முடிஞ்சுபோச்சுங்கண்ணா" என்றேன்.

அந்தப் பக்கம் சத்தமே இல்லை. லைன் போய்விட்டதோ என்று பயந்துபோனேன். அப்புறம் அண்ணன் சிரிக்கிற சத்தம் கேட்டது.